இரண்டாவது ஆட்டக்காரர்

எனக்குத் தவறாக நினைவிருக்கலாம். ஆனால் இரண்டாவது கட்டம் காலியாகத்தான் இருந்தது.

பிரான்சிலிருந்து அப்பா கொண்டுவந்த வீடியோ கேம் அது. காட்டைக் கடந்து படகுத்துறைக்குப் போக வேண்டும். ஆட்டக்காரர் பெயருக்கான முதல் கட்டத்தில் அண்ணன் சில்வேன் ஏ, என், என், ஈ என்று அடித்தான். நான் கூப்பிடும் ‘அண்ணே’தான் அது.

“பிரெஞ்சுல அது பொம்பளப் பேருடா,” என்று அப்பா சிரித்தார்.

எனக்கும் விளையாட ஆசை. “நீ வளந்ததும் சேத்துக்கிறேன் பாப்பா,” என்றான். அந்த வருடமே காரைக்கால்மேட்டுக் கடலில் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. கேமைப் பரணில் போட்டோம்.

சென்ற மாதம் அப்பாவை அடக்கம் செய்த பிறகு அதை எடுத்து டிவியில் மாட்டினேன். அண்ணனின் வீரன் படகுத்துறையில் நின்றிருந்தான். இரண்டாவது கட்டத்தில் பி, ஏ, பி, ஏ என்று இருந்தது.

அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். “பப்பா. பிரெஞ்சுல அப்பான்னுதானே அர்த்தம்? உங்கப்பா அவன்கிட்டப் போய்ச் சேந்துட்டாரு.”

“ஆமாம்மா,” என்றேன்.

சில்வேன் அவரை ஒருநாளும் பப்பா என்று கூப்பிட்டதில்லை.

சில்வேன் கடலில் இருக்கிறான். அப்பா கல்லறையில் இருக்கிறார். அம்மா அன்றிலிருந்து நிம்மதியாகத் தூங்குகிறாள். நான் கடல் பக்கம் போவதில்லை.