பெயர் வெட்டிய டம்ளர்

காலை ஷிப்ட் முடிந்து பன்னீர்செல்வம் குவார்ட்டர்ஸுக்கு வரும்போதெல்லாம், அவர் மனைவி அம்சவல்லி செல்போனில் அந்த வெள்ளைக்காரனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். நூறு வருஷத்துக்கு முந்தைய லண்டன் ஊமைப்படங்களில் துணை நடிகன், ஆர்தர் பெல்விக். முப்பத்தெட்டுப் படங்களிலும் தேநீர்த் தட்டு தூக்கிவரும் வேலைக்காரன் வேஷம்தான் அவனுக்கு.

“தட்டு தூக்குறவன் மூஞ்சில என்னாடி இருக்குது? ஒரு வசனம் உண்டா அவனுக்கு?”

“ஊமப்படத்துல யாருக்குங்க வசனம்? குடுக்கறதப் பாருங்க, எவ்ளோ பதவிசா குடுக்கறாரு.”

முப்பது வருஷமாகச் சுரங்கத்திலிருந்து வீடு திரும்பும் தன்னை அவள் ஒருநாளும் இப்படிக் கண்கொட்டாமல் பார்த்ததில்லை. பாவம், மனுஷருக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் செல்போனைச் சார்ஜில் விட்டுவிட்டு அவள் காய் வாங்கப் போனதும், அவரே படத்தைப் போட்டார். பெல்விக் தட்டோடு வந்தான். பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே ஓர் எவர்சில்வர் டம்ளர். கல்யாணத்துக்கு அம்சவல்லி வீட்டில் ‘பன்னீர்’ என்று பெயர் வெட்டிக் கொடுத்த டம்ளர். எழுத்துகூடத் தெரிந்தது. பெல்விக் அதை முதலாளிக்கு நீட்டாமல் தானே பாதி குடித்தான்.

பன்னீர்செல்வம் சமையலறைக்கு ஓடினார். டம்ளர் அலமாரியில் அதன் இடத்திலேயே இருந்தது. காப்பி மட்டுமே போடுகிற வீடு அது. டம்ளரில் பாதி தேநீர் இருந்தது, பால் விடாதது, இன்னும் கை பொறுக்காத சூட்டில்.