டைப்பிஸ்டின் முதல் நாவல்

"சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு சார். போரை இப்படி யாரும் கிழிச்சதில்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் பதிப்பாளர்.

எதிரே இருந்தவர் ராணுவ அலுவலகத்தில் முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாவலை எழுதி முடித்து, மனைவியிடம் கொடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு, மூன்று மாதமாகப் பதிலுக்குத் தவித்துக் கிடந்தவர்.

"சிரிக்கிற மாதிரியா சார் இருக்கு?" என்றார் தயக்கத்தோடு.

"பின்ன? பார்வையிட வர்ற ஜெனரல் தடுக்கி விழுந்துடக் கூடாதுன்னு பதுங்குகுழியை எல்லாம் மூடிடறாங்க. அன்னிக்குப் பார்த்து எதிரி குண்டு போடறான். திரும்பக் குழி வெட்டணும்னா மூணு பிரதியில விண்ணப்பம் கொடுக்கணுமாம். அப்புறம் அந்தக் கோவேறு கழுதை. அது செத்து நாலு மாசம் கழிச்சு, வேலைக்கு வரலைன்னு அதுக்கு மெமோ."

டைப்பிஸ்டின் முகம் மாறியது.

"வெறும் உத்தரவு, மெமோன்னே கதையை நகர்த்தியிருக்கீங்க பாருங்க, அதுதான் புதுமை. எப்படி சார் தோணுச்சு?"

டைப்பிஸ்ட் மேஜைமேல் இருந்த காகிதக் கட்டை இழுத்து முதல் பக்கத்தைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என் வீட்டுக்காரி கட்டை மாத்தி அனுப்பிட்டா சார். இது நான் ஆபீஸ்ல டைப் அடிச்ச உத்தரவுகளோட நகல்."

பதிப்பாளருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்போ நாவல்?"

"வீட்டுல இருக்கு சார். அதுல ஒரு தளபதி, ஒவ்வொரு உத்தரவையும் நல்லா யோசிச்சுப் போடுவாரு. அது முழுக்க முழுக்கக் கற்பனை."