கடுகும் பலாக்கொட்டையும்

"உள்ளங்கால்ல இத்தனாம் பெரிசாக் கறுத்துப் போச்சுடின்னு காட்டறேன், என் ஆத்துக்காரி சிரிக்கிறா டாக்டர்! விழுந்து விழுந்து சிரிக்கிறா!"

அபிராமபுரம் தோல் கிளினிக்கில் ஸ்ரீரங்கன் போட்ட சத்தம் சாந்தோம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். எழுபது வயசுக்குப் பொருந்தாத கருகரு மீசை துடித்தது.

கைத்தாங்கலாக அழைத்து வந்த ஆட்டோக்கார லாரன்ஸுக்கே மனசு ஆறவில்லை. "மாமி இந்த மாதிரி ஆளுன்னு தெரியாது மாமா. கட்ன புருசன் கால்ல இன்னாவோ வந்துகீது, சிரிப்பாங்களா?"

"எப்ப வந்துச்சு சார்?" என்றார் டாக்டர் ஷண்முகப்ரியா.

"தீபாவளிக்கு அவ எண்ணெய் தேச்சு விடறச்சே, கடுகாட்டம் ஒரு புள்ளி இருக்கு, டாக்டர்ட்ட காட்டுங்கோன்னா. அன்னிலேர்ந்து தினம் நச்சரிப்பு. கடுகுக்கெல்லாம் டாக்டரான்னு நான் அசையலை. நேத்து மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தேன். எழுந்து காலை மடக்கிப் பாத்தா, பலாக்கொட்டை! ஒரே தூக்கத்துல இப்படி வளருமோ? நான் பொழைப்பேனா?"

டாக்டர் விளக்கு வைத்த லென்ஸைப் பாதத்தில் பதித்தார். கத்தியில்லை, ஊசியில்லை, வெளிச்சம் மட்டும். பக்கத்துத் திரையில் பாதத்தின் ரேகைகள் ஏர் ஓட்டிய வயலாக விரிந்தன. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். பஞ்சை எதிலோ நனைத்து அழுத்தித் தேய்த்தார். பஞ்சு கறுத்தது.

"சார், இது சாயம். முடிக்குப் போடற டை."

"உள்ளங்கால்லயா? எனக்கு அங்கே முடியே கிடையாதே!"

லாரன்ஸ் குனிந்து பார்த்தான். "மெய்தான் டாக்டர். ஒண்ணுகூட இல்ல."

"அப்போ எனக்கு ஒண்ணுமில்லை!" ஸ்ரீரங்கன் செருப்பைத் தேடினார்.

"இருங்க." டாக்டர் இன்னும் தேய்த்துவிட்டு மறுபடி லென்ஸை வைத்தார். குரல் தணிந்தது. "பலாக்கொட்டைதான் சாயம். அடியில அந்தக் கடுகு அப்படியே இருக்கு. படத்தைப் பாத்தா, புற்றுநோயோட ஆரம்பமா இருக்கலாம்னு சந்தேகப்படறேன். எடுத்துச் சோதிக்கணும். நல்லவேளை, இவ்ளோ சின்னதா இருக்கும்போதே வந்தீங்க. விட்டிருந்தா காலுக்கே ஆபத்து."

ஸ்ரீரங்கன் தன் உள்ளங்காலையே பார்த்தார். பயந்து ஓடி வந்தது பொய். பயப்படாமல் விட்டது நிஜம். நடுவில் இந்தச் சாயம் எங்கிருந்து வந்தது?

செல்போன் அடித்தது. மனைவி சூடாமணி.

"ஏன்னா, டாக்டர் அந்தக் கடுகைப் பாத்தாளா?"

"பாத்தா."

"சரியாப் போயிடுமாமா?"

"சரியான நேரத்துக்கு வந்துட்டேனாம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சரி, வரச்சே மீசைக்கு டை ஒரு பாக்கெட் வாங்கிண்டு வாங்கோ. ஆத்துல இருந்தது பூரா நேத்து உங்க காலுக்கே தீர்ந்துடுத்து."