பொட்டு வைத்த டாங்க்

"டாங்க்குக்கு எவளாவது பொட்டு வைப்பாளாடி?"

நரசிம்மன் போட்ட சத்தத்தில், வசந்தா முதல் வேலையாக எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டுத் தும்மல் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

மேஜை மேல் நின்றது டி-72 டாங்க். நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, ஒரு சாண் நீளம். சிங்கப்பூரிலிருந்து மச்சினன் வாங்கி வந்த பிளாஸ்டிக் துண்டுகளை எட்டு மாதமாக ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்திருந்தார் நரசிம்மன். இப்போது அதன் பீரங்கிக் குழாயிலும் நெற்றியிலும் பக்கவாட்டிலும் சந்தனம். சந்தனத்துக்கு நடுவே குங்குமம்.

"ஸ்கூட்டருக்கு வெச்சேன், மிக்சிக்கு வெச்சேன், தையல் மிஷினுக்கு வெச்சேன்" என்றாள் வசந்தா. "பேரே ஆயுத பூஜை. இந்த வீட்டுல ஆயுதம்னு இருக்கறதே இது ஒண்ணுதான். இதை விட்டுட்டு அருவாமணைக்கு வெச்சா நல்லாவா இருக்கும்?"

"இது பொம்மை இல்லடி! ஸ்கேல் மாடல்!"

"நான் எங்கங்க பொம்மைன்னேன்? ஆயுதம்னுதானே சொன்னேன்."

பக்கவாட்டுப் பொட்டு ஒன்றை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் பெயிண்டுக்குள் இறங்கி, இளஞ்சிவப்பாக ஒரு கறை. தின்னர் போட்டால் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். மறுபடி அடித்தால் காய ஒரு முழு நாள் வேண்டும். டவுன்ஷிப் கிளப்பின் மாடல் கண்காட்சியோ மறுநாள் விஜயதசமி, காலை பத்து மணிக்கு.

இரண்டு வருஷமாக அதில் முதல் பரிசுக் கோப்பை மாடிவீட்டு வெங்கடேசனுக்கே போகிறது. டிசம்பரில் நரசிம்மன் ரிட்டயர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊரப்பாக்கம் போய்விட வேண்டும். அந்தக் கோப்பைக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

"ராஜஸ்தான் புழுதி மாதிரி தெரியணும்னு சதுரங்கப்பட்டினம் பீச் மணலை மூணு தடவை சலிச்சேன். அதுல ஒரு துகள் பெருசா இருந்தாக்கூட தப்பு. எல்லாத்தையும் ஒரே விரல்ல முடிச்சிட்ட."

"எதுல சலிச்சீங்க?"

"உன் மாவுச் சல்லடைலதான்."

"அதான் முறுக்கு நறநறன்னுச்சா!"

அதற்கப்புறம் நரசிம்மன் அவளோடு பேசவில்லை. மறுநாள் கிளப் ஹாலுக்குப் போகும்போது ஸ்கூட்டரில்கூட ஏற்றிக்கொள்ளவில்லை. "மாடல் ஆடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் நடந்து வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

நீள மேஜையில் ஒன்பது மாடல்கள். எட்டு, ஜனங்களைப் பார்த்து நின்றன. நரசிம்மனுடைய டாங்க் மட்டும் சுவரைப் பார்த்து நின்றது. துடைத்த கறையிருந்த பக்கத்தைத் தூணோரமாக ஒட்டி வைத்திருந்தார்.

"என்ன நரசிம்மன் சார், உங்க டாங்க் பின்வாங்குது?" என்றார் வெங்கடேசன். ஹாலே சிரித்தது.

"வீட்டுல இருக்கறவங்க சரியில்லன்னா டாங்க் என்ன சார், ராணுவமே பின்வாங்கும்!"

மூன்றாவது வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வசந்தா குனிந்து புடவைத் தலைப்பை நீவிக்கொண்டாள்.

நடுவராக வந்திருந்தவர் சுபேதார் முனிசாமி. டாங்க் ரெஜிமெண்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு, இப்போது கடப்பாக்கத்தில் இருக்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார்.

வெங்கடேசனின் ஜீப் முன்னால் நின்றார். "நல்லா கீது. ஷோரூம்லேர்ந்து நேரா வந்த மாதிரி கீது."

பாராட்டு என்று நினைத்து வெங்கடேசன் கும்பிட்டார்.

"இது ஏன் சொவத்தப் பாத்துகினு நிக்குது? இன்னா தப்பு பண்ணுச்சு?"

சொல்லிக்கொண்டே டாங்க்கைத் தூக்கித் திருப்பினார். நரசிம்மன் கண்ணை மூடிக்கொண்டார்.

முனிசாமி குனிந்து பொட்டுகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆயுத பூஜை அன்னிக்கு எங்க ஷெட்ல டாங்குங்க வரிசையா நிக்கும். ஒண்ணு பாக்கியில்லாம இதே சந்தனம், இதே குங்குமம். பொட்டு வெக்காத வண்டில ஒருத்தன் ஏறமாட்டான். இங்க கீற மத்ததெல்லாம் கடைலேர்ந்து வந்துது. இது ஒண்ணுதான் பட்டாளத்துலேர்ந்து வந்துகீது."

டாங்க்கை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "இங்க பாரு, போன வருசப் பொட்டு அழிஞ்ச கறை! இதக்கூட உடல. யாருக்குபா வந்துது இந்த யோசனை?"

வசந்தா நிமிர்ந்தாள்.

நரசிம்மன் கண்ணைத் திறந்தார்.

"எனக்குத்தான் சார். எட்டு மாச ரிசர்ச். பொட்டைக்கூட ஸ்கேல் பார்த்துத்தான் வெச்சேன்."

ஹால் அதிரக் கைதட்டல். கோப்பை கைக்கு வந்தது. டவுன்ஷிப் மலருக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஜெயப்பிரியா மைக்கை நீட்டினாள்.

"உங்க வெற்றியில உங்க மிஸஸோட பங்கு என்ன சார்?"

நரசிம்மன் மூன்றாவது வரிசையைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"அவங்க இந்த மாடல் பக்கமே வந்ததில்லம்மா. அதுவே பெரிய உதவிதானே!"