வியாழக்கிழமைக் குறை

“தங்கச்சி, இது கிறேவியோ, கோழி குளிச்ச தண்ணியோ?”

சமையலறை ஜன்னலில் வெறுந்தட்டை வைத்துவிட்டு இராசநாயகம் கேட்டார். கேட்டதோடு விட்டாரா? “லண்டன் பப்பில நாலு பவுணுக்கு இதைவிடத் திறமாத் தருவாங்கள்” என்று இன்னொன்றையும் எடுத்துவிட்டார்.

ரதிதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. நியூசிலாந்தின் ஒக்லாந்தில், ஒனெஹங்கா பஸ் டிப்போவுக்கு எதிரே இருந்தது அந்தப் பப். இங்கிலாந்துக் கம்பனி ஒன்றின் கிளை. குசினியில் சமையல் முழுக்க ரதிதேவியின் கையில்.

இராசநாயகம் பஸ் ஓட்டுபவர். லண்டனில் பதினாலு வருசம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். வியாழக்கிழமை தவறாமல் வருவார். ஏழு டொலருக்குக் கோழி ரோஸ்ட். தட்டில் ஒரு பட்டாணி மிஞ்சாது. ஆனால் வாய் மட்டும் சும்மா இராது.

ஒரு கிழமை, கோழி காய்ஞ்சு போச்சு. மறு கிழமை, கிழங்கு மொறுமொறுப்பில்லை. ஒரு நாள் உப்புக் கூட. அடுத்த நாள் உப்புக் காணாது.

கோழி எலும்பை மூன்று மணி நேரம் அவித்து, வறுத்த தட்டைச் சுரண்டிப் போட்டு ரதிதேவி செய்கிற கிறேவி அது. பொடியைக் கரைத்து ஊற்றும் கிறேவியை அவள் தன் குசினிக்குள் விட்டதே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

கம்பனி கெடு வைத்த முதல் மாதமே அவரிடம் அழாக்குறையாகச் சொல்லிப் பார்த்தாள்.

“அண்ணை, லண்டனில மாதிரி இஞ்சயும் பக்கற்றுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து மைக்ரோவேவில சூடாக்கிக் குடுக்கப் போகினமாம். மூண்டு மாசத்தில சாப்பாட்டு வியாபாரம் கூடாட்டி குசினியை மூடுவினம். என்ர வேலை போயிடும். நீங்கள் வேற இப்பிடிக் கத்தினா சனம் வருமே?”

“ஓ, அப்பிடியே?” என்றார். போகிற போக்கில், “எதுக்கும் அந்தக் கிழங்கைக் கொஞ்சம் பாருங்கோ” என்றார்.

மனுசனா இவர்!

இன்றைக்கு மூன்று மாதம் முடிய நாலே நாள். ராத்திரியெல்லாம் நித்திரை இல்லை அவளுக்கு. ‘கோழி குளிச்ச தண்ணி’ என்றதும் இருந்த பொறுமையும் போனது.

“அப்ப லண்டனுக்கே போய்ச் சாப்பிடுங்கோ! இனி இஞ்ச வரவேண்டாம்!”

முழுப் பப்பும் திரும்பிப் பார்த்தது. இராசநாயகம் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்லா வேணும் என்றிருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை மனேஜர் பிரையன் கூப்பிட்டார். ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் எடுத்துக்கொண்டே போனாள்.

“அதை ஏன் கழற்றினாய்? போட்டுக்கொள். மைக்ரோவேவ் வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாடு மூன்று மடங்காகிவிட்டது. குசினியை அப்படியே விடச் சொல்லிவிட்டார்கள்.”

ரதிதேவி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்படியில் நிற்பவளுக்கு வியாழக்கிழமைகளில் கை ஓயவில்லை என்று தெரியும். யார் வந்தார்கள் என்று எட்டிப் பார்க்க எங்கே நேரம்?

“டிப்போவே இங்கேதான் சாப்பிடுகிறது. பார்.”

சாப்பாட்டு மேசைகளில் வைக்கும் கருத்து அட்டைகளைப் பிரையன் அவள் முன் பரப்பினார். ‘எங்களைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னார்?’ என்ற கேள்விக்கு எல்லா அட்டையிலும் ஒரே பதில்.

ராஜ், பஸ் டிரைவர்.

“எந்த ராஜ்?”

“என்ன கேள்வி இது? போன வியாழக்கிழமை நீ துரத்திவிட்டாயே, அவர்தான். இதோ, அவர் எழுதினது. கடைசிச் சொல்தான் எனக்கு விளங்கவில்லை.”

ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்:

‘லண்டனில் பதினாலு வருசம் இப்படியான பப்களில் சாப்பிட்டவன் நான். அங்கே பக்கற்றை வெட்டுகிறார்கள். இங்கே ஒரு பெண் சமைக்கிறாள். இந்தக் கிறேவியை எத்தனை பவுண் கொடுத்தாலும் அங்கே வாங்க முடியாது. அவள் எங்கள் பெண் என்பதில் எனக்குப் பெருமை. தயவுசெய்து அவளிடம் சொல்லிவிட வேண்டாம். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நாவூறு.’

“நாவூறு என்றால் என்ன?” பிரையன் கேட்டார். “உங்கள் ஊர் சோஸ் ஏதாவதா?”

“வாயாரப் புகழ்ந்தால் பட்டுவிடும் கண்ணேறு” என்றாள் ரதிதேவி. மடித்த ஏப்ரனை விரித்துக் கட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை டிரைவர்கள் எல்லோரும் வந்தார்கள். அவரைக் காணவில்லை. ரதிதேவி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். எதிரே, டிப்போ மதிலோரம் தனியே உட்கார்ந்து, காய்ந்த பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அவள் தட்டைப் போட்டாள். கிறேவியைத் தளும்பத் தளும்ப ஊற்றினாள். ஏப்ரனோடு தெருவைக் கடந்து போய் அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்கள்தானே வரவேண்டாம் எண்டனீங்கள்?”

“நான் விசரி, அண்ணை. ஆறமுன்னம் சாப்பிடுங்கோ.”

ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவள் அங்கேயே நிற்பதைக் கண்டு, அவசர அவசரமாக முகத்தைச் சுளித்தார்.

“கிறேவி தண்ணி, தங்கச்சி.”

“சந்தோசம், அண்ணை!” என்றாள் ரதிதேவி, தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு.