சொல்லிக்கொள்ளாமல் போனவர்

பிஸ்கட் கம்பெனி திவாலாகப் போவது உறுதியானதும், அதைக் கையேற்று நடத்தத் திவால் நிர்வாகி ஒருவரைச் சொல்லும்படி முதலாளி மருதாசலத்திடம் வக்கீல் கேட்டார். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் தூக்கி நிறுத்திவிடலாம் என்றார் முதலாமவர். வாங்குவதற்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று வாய்ப்பந்தல் போட்டார் அடுத்தவர். இருவரும் காபி குடித்துவிட்டு, "போயிட்டு வர்றேனுங்க" என்று கும்பிட்டுக் கிளம்பினார்கள்.

மூன்றாமவர் வாயே திறக்கவில்லை. அணைந்து கிடந்த பெரிய அடுப்பின் இரும்புக் கதவில், காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடுவதுபோல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை எடுத்தார். காபி வேண்டாம் என்று தலையசைத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடந்துவிட்டார்.

மருதாசலத்தின் மனைவி கிருஷ்ணவேணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போறாரு. என்ன மனுசனுங்க அவரு?"

மருதாசலம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழவு வீட்டுல யாரு வேணி சொல்லீட்டுப் போவாங்க? இவரே இருக்கட்டும்."