ஆறாவது முறையும் சிக்னல் பதினொன்று

ஆறாவது முறையும் சர்வர் நடுவழியில் நின்றுவிட்டது.

திரையில் அதே வரி: சிக்னல் பதினொன்று. அதற்கு மேல் விளக்கம் சொல்லும் பழக்கம் அதற்கு இல்லை.

சர்வருக்கு ஏழு வயது. அதன் இயங்குதளத்தைப் புதுப்பிக்க, சிடியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. மூலநிரல் முழுவதையும் இறக்கிக்கொடுத்தால், இந்தப் பெட்டியே ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து அதை ஓடக்கூடிய நிரலாகக் கம்பைல் செய்யும். செய்ய வேண்டும்.

மூன்று நாளாக முடிக்கவில்லை.

முதலில் இரண்டு மணி நேரத்தில் விழுந்தது. அடுத்து நாற்பது நிமிடத்தில். நேற்று ஐந்து மணி நேரம் ஓடி, ஆசை காட்டிவிட்டு விழுந்தது. நிரலில் கோளாறு இருந்தால் ஒரே இடத்தில் விழ வேண்டும். இது தடவைக்கு ஓர் இடத்தில் விழுகிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புரியாதபோது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி ஸ்ரீநிவாசராகவன் வந்து கேட்டதும், கரண்ட் சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

அவர் அன்றைக்கே எலக்ட்ரீஷியன் ஆனந்தனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பதினான்கு வருடமாக இந்தத் திருமுடிவாக்கம் பட்டறைக்கு ஒயர் இழுத்தவர். இன்று நான்கு மணிக்குக் குன்றத்தூரிலிருந்து வேறு ஆள் வருகிறார். பிடித்துப்போனால் அவரே நிரந்தரம்.

மணி மூன்றே முக்கால்.

ஞாயிறு முழுவதும் கரண்டை நிரூபிக்கப் பார்த்தேன். புது யுபிஎஸ் மாட்டினேன். விழுந்தது. பக்கத்து யூனிட்டிலிருந்து தனி லைன் இழுத்தேன். அதிலும் விழுந்தது. மின்விசிறியின் தூசியைத் தட்டினேன். பெட்டியின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் மட்டும் அப்படியே இருந்தது. மெயிலிங் லிஸ்டில் புலம்பி எழுதியதற்கு, இப்படி இடம் மாறி மாறி விழுந்தால் மெமரியைப் பார் என்று யாரோ ஒற்றை வரியில் பதில் போட்டார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மெமரியைத்தான் முதலிலேயே பார்த்தாகிவிட்டதே.

இந்த வேலைக்குப் பழைய மெமரி போதாது என்று நான்கு மெமரி வாங்கியிருந்தோம். பூஜைக்கு முந்தின நாள், நோன்பு திறக்க நான் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகச் செருகி, சோதனை ஃபிளாப்பியைப் போட்டுப் பார்த்து அடையாளம் வைக்கும்படி ஆனந்தனிடம் சொல்லிவிட்டுப் போனேன். பூஜை வேலைக்கு நடுவிலும் செய்து முடித்து, கீழ்க்கட்டளையில் என் வீட்டுக்குப் போன் போட்டார்.

"நாலையும் பாத்துட்டேன் பாய், அடையாளம் வெச்சிகீறேன்."

சனிக்கிழமை காலை பார்த்தால் இரண்டில் சிவப்பு இருந்தது. அந்த இரண்டையும் டிராயரில் தள்ளிவிட்டு, மற்ற இரண்டையும் சர்வரில் செருகினேன். கம்ப்யூட்டருக்கு வருமுன் எட்டு வருடம் இதே பட்டறையில் இன்ஸ்பெக்ஷன் பார்த்தவன் நான். கழித்த பீஸ்களின் மேல் சிவப்புப் பெயிண்ட் வைத்தே நாளைக் கழித்தவனுக்கு அதில் என்ன சந்தேகம் வரும்?

பெட்டியை இன்னொரு தடவை திறந்து பார்க்கலாம் என்று டிராயருக்குள் கைவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடினேன்.

கையை எடுத்தால் விரல் சிவந்திருந்தது.

வெட்டிவிட்டதோ என்று பயந்துவிட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காயம் இல்லை. வலியும் இல்லை.

கட்டைவிரலால் தேய்த்தேன். பொடியாக உதிர்ந்தது.

பெயிண்ட் காய்ந்தால் உதிராது. எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட என் விரலில் உதிர்ந்ததில்லை.

தலையைத் தூக்கினேன். சர்வரின் நெற்றியில் அதே சிவப்பு.

ஆனந்தனுக்குப் போன் போட்டேன். எதில் சிவப்பு வைத்தீர்கள், நல்லதிலா கெட்டதிலா என்று கேட்டேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"இன்னா பாய், நல்லதுக்குத்தானே பொட்டு வைப்பாங்க?"

சர்வரை நிறுத்தினேன். உள்ளே இருந்த இரண்டையும் பிடுங்கிவிட்டு, டிராயரில் இருந்த பொட்டு வைத்த இரண்டையும் செருகி, மறுபடி முதலிலிருந்து கம்பைலை ஓடவிட்டேன். இனி ஒன்பது மணி நேரம் கழித்துத்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். ராத்திரி ஒரு மணிக்கு.

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. முதலாளி குன்றத்தூர்க்காரரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒன்பது மணி நேரம் பொறுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதுவும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சு என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது.

முதலாளியின் கண் என் விரலுக்குப் போனது. ஹிதாயத்துல்லா, கையில் என்ன சிவப்பு என்று கேட்டார்.

ரிஜெக்ட் மார்க் சார், என்றேன். சனிக்கிழமை அதைத் தப்பான ஆள் மேல் வைத்துவிட்டேன்.